முக்காட்டைத் தள்ளிய கை

நூரிசா காலையிலிருந்து மூன்று முறை தேநீர் ஊற்றிவிட்டாள். ஒன்றையும் குடிக்கவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைக்கப் போனவள், மேடையில் கிடந்த போன் அதிர்ந்ததும் துணியை அப்படியே போட்டுவிட்டு அதை எடுத்தாள். இனிமேல் பார்ப்பதில்லை என்று சற்று முன்புதான் முடிவு செய்திருந்தாள்.

அதே வீடியோப் படம்தான், வேறொரு பக்கத்தில், வேறொரு தலைப்போடு. "நாரினில் மீண்டும் மணப்பெண் கடத்தல். இந்த முறை கடத்தியவர் பள்ளி ஆசிரியர்!"

துணித்திரைக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் மூன்று பெண்கள். ஒருத்தி வெள்ளை முக்காட்டை அவள் தலையில் போட்டுக் காதோரம் இழுத்துக் கட்டப் பார்க்கிறாள். அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுகிறாள். அவள் கை உயர்ந்து முக்காட்டைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் படம். அங்கே இருந்த சத்தத்தை எடுத்துவிட்டு, யாரோ சோகமான கோமுஸ் தந்தி இசையைச் சேர்த்திருந்தார்கள்.

இதற்கு விளக்கம் எதுவும் தேவையில்லை. வழியில் போகும் பெண்ணைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்து, வீட்டுப் பெண்கள் சேர்ந்து முக்காட்டைக் கட்டிவிட்டால், கல்யாணம் முடிந்ததாகிவிடும் என்பது இந்த நாட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். முக்காட்டைத் தள்ளும் கைதான் அவளுடைய கடைசி மறுப்பு. அதனால் படத்தைப் பார்த்துக் கொதித்தவர்களை நூரிசாவால் முழுதாகத் திட்ட முடியவில்லை. வேறொருத்தியின் படமாக இருந்திருந்தால் அவளும் கொதித்திருப்பாள். நாலு பேருக்கு அனுப்பியும் இருப்பாள்.

ஆனால் அந்தப் பெண் அவளேதான். அவளை யாரும் தூக்கிக்கொண்டு வரவில்லை. நாரினில் கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே அந்த ஆசிரியரை, மேதெரை, அவளுக்குத் தெரியும். அவன் வீட்டார் பெண் கேட்டு வந்து, காதில் தோடு போட்டு உறுதி செய்து, ஊரறிய அழைத்துவந்த மருமகள் அவள்.

அப்படியானால் ஏன் அழுதாள்? ஏன் தள்ளினாள்?

அன்று அவள் வலது காதில், தலைமுடிக்குள், சின்ன ஒயர் இல்லாத இயர்போன் ஒன்று இருந்தது. அதில் அவளைப் பெற்ற அத்தா பாடிக்கொண்டிருந்தார்.

மகள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது தாயும் வீட்டுப் பெண்களும் வாசலில் நின்று வழியனுப்புப் பாட்டுப் பாடுவார்கள். நூரிசாவின் அம்மா அவள் பள்ளியில் படிக்கும்போதே இறந்துவிட்டாள். அத்தா எசென், ரஷ்யாவில் யெகாதெரின்புர்க் நகரத்தில் கட்டட வேலை செய்கிறார். அனுமதிக் காகிதங்களில் சிக்கல், ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. அதனால் அவரே பாடிக் குரல் பதிவாக அனுப்பியிருந்தார். ஆண்கள் யாரும் பாடாத பாட்டு. தாளம் தப்பி, நடுவில் இருமி, ஒரே அடியை இரண்டு தடவை பாடியிருந்தார். முதலிலேயே எச்சரிக்கையும் இருந்தது: "யாருக்கும் போட்டுக் காட்டாத கண்ணு. இங்க நம்ம ஊர்ப் பசங்க எல்லாம் ஒரே ரூம்ல இருக்கோம். தெரிஞ்சா என்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுடுவானுங்க."

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்கத் தொடங்கினாள். நடுவில் அவர் பாட்டை நிறுத்தினார். "உங்கம்மாவுக்கு இதை யாரும் பாடல. பாடுறதுக்கு நான் விடல. ஆஸ்பத்திரி வாசல்ல நின்னவளைத் தூக்கிட்டு வந்தேன். அதனாலதான் இப்ப நான் பாடுறேன்" என்றார். அது அவளுக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் அத்தா வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அந்த இடத்தில்தான் முக்காட்டோடு ஒரு கை காதருகே வந்தது. இயர்போன் விழுந்துவிடப் போகிறதே என்று தள்ளினாள்.

இதை எப்படி வெளியே சொல்வது? சொன்னால் மேதெர் தப்பித்துவிடுவான். அத்தா மாட்டிக்கொள்வார். இன்று கடத்தலை எதிர்ப்பவர்கள் அவரை மென்று துப்புவார்கள். மரபு மரபு என்று கூவுகிறவர்கள் தோளில் தூக்கி வைத்து ஆடுவார்கள். எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏ கெலின், பாலை அடுப்புக்கே ஊட்டிட்டியா?"

மேதெரின் அண்ணி ஜய்னா உள்ளே வந்தாள். கெலின் என்றால் இந்த வீட்டு மருமகள். ஜய்னாவும் கெலின்தான், ஆனால் மூத்தவள். படத்தை எடுத்தவளும் அவள்தான். ஆசையாக எடுத்து, அதில் ஒரு துண்டை வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தாள். எவனோ அதைச் சுட்டுக்கொண்டு போய்விட்டான்.

"எல்லாம் என்னாலதான். என் கையை வெட்டணும்" என்றாள் ஜய்னா. இதை அவள் தினமும் சொல்கிறாள்.

"வெட்டிட்டா நாளைக்கு மாவு யாரு பிசையறது?" என்றார் மாமியார், ஜன்னலோரம் உட்கார்ந்தபடி. அவருக்கும் முந்தின நாள் ஒரு போன் வந்திருந்தது. முகம் தெரியாத எவளோ, "உன் மகளைக் கடத்தினா இப்படி இருப்பியா?" என்று கத்தியிருக்கிறாள். எனக்கு மகளே கிடையாதே அம்மா என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு போனை மாவுப் பாத்திரத்துக்குள் போட்டு மூடிவிட்டார்.

நூரிசா சும்மா இருந்துவிடவில்லை. படம் பரவிய மூன்றாம் நாளே முகத்தைக் காட்டிப் பேசி ஒரு படம் போட்டாள். நான் விரும்பித்தான் வந்தேன், என் புருஷனை விட்டுவிடுங்கள் என்றாள். "கண்ணைப் பாருங்க, பயம் தெரியுது" என்றார்கள். பின்னால் யாரோ நின்று மிரட்டுகிறார்கள் என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். அது ஆணியில் தொங்கிய மாமியாரின் கோட்டு. கல்லூரிக் காலத்துப் புகைப்படங்களைப் போட்டாள். அதெல்லாம் கம்ப்யூட்டரில் செய்ததாம். பேச்சில் மாமனாரை 'எங்க வீட்டுப் பெரியவர்' என்று சொல்லியிருந்தாள். புகுந்த வீட்டு மூத்தவர்களின் பெயரை மருமகள் உச்சரிப்பதில்லை. "மாமனார் பேருகூட அவளுக்குத் தெரியல, இதைவிட என்ன ஆதாரம் வேணும்?" என்று தலைநகர் பிஷ்கேக்கிலிருந்து ஒருத்தி எழுதினாள். "மாமனார் பேரைச் சொல்லாத மருமகள்! இதுதான் நம்ம பண்பாடு. நம்ம அம்மாக்களும் அழுதுக்கிட்டுத்தான் வந்தாங்க, நல்லா வாழலையா?" என்று இன்னொருவன் எழுதினான். அதற்குத்தான் நிறைய இதயக்குறிகள்.

முதலாவதைப் படித்துக் கோபம் வந்தது. இரண்டாவதைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள். நல்லா வாழலையா. அவளுடைய அம்மா நல்லா வாழ்ந்தாளா? யாராவது போய் அவளிடம் கேட்டார்களா?

மேதெர் தொழுவத்தில் இருந்தான். விசாரணை முடியும்வரை பள்ளிக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வேலை நாளில் வீட்டில் நிற்கிற வாத்தியாரை ஆடுகூட மதிக்கவில்லை. பிறந்து இரண்டு நாளான குட்டி ஒன்று அவன் சட்டைக் கையைச் சப்பிக்கொண்டிருந்தது. அவனும் சப்பவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். நூரிசாவைப் பார்த்ததும் போனைப் பைக்குள் வைத்தான். அவனும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"நூரிசா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அந்த முக்காட்டை ஏன் தள்ளின?"

அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. "நீயுமா?"

"நம்பலன்னு சொன்னேனா? ஏன்னுதான் கேட்டேன்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"நான் பிசிக்ஸ் வாத்தியார். எனக்கு ரெண்டும் வேற வேற."

"சரி வாத்தியாரே. காரணம் இருக்கு. இப்ப சொல்ல முடியாது."

"என்கிட்டயுமா?"

அவள் குட்டியின் தலையைத் தடவினாள். அவன் ஆட்டுக்குட்டியின் வாயிலிருந்து சட்டைக் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். "சரி" என்றான். அவன் கத்தியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மதியம் ஒரு போன் வந்தது. தெரியாத எண். இந்த முறை திட்டு வரவில்லை.

"என் பேரு சாய்கல். நாரின்ல, தூக்கிட்டுப் போன பொண்ணுங்களை மீட்டு வச்சிருக்கிற வீட்டை நடத்துறேன். வெள்ளிக்கிழமை விசாரணைக் குழுவுல நானும் இருக்கேன். பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

"கோழி இருக்கு, எஜே." எஜே என்றால் அக்கா.

மறுமுனையில் சின்னச் சிரிப்பு. நூரிசா வேலியோரம் நடந்துகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், அந்த ஒன்றைத் தவிர.

"நீ சொல்றதை நம்பணும்னு எனக்கும் ஆசைதான்" என்றாள் சாய்கல். "ஆனா இப்ப என் வீட்ல இருக்கிற பொண்ணும் முதல் நாள் இதையேதான் சொன்னா. விரும்பித்தான் வந்தேன்னா. நாலாம் நாள்தான் முதுகுல இருந்த காயத்தைக் காட்டினா."

"அப்ப நான் என்ன சொன்னாத்தான் நம்புவீங்க?"

"நீ சொல்றதை விடு. முழுப்படம் எங்க? அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு? பின்னாடி என்ன? சத்தத்தை எதுக்கு எடுத்தாங்க? செய்தி போட்டவங்ககிட்ட நானே கேட்டேன். யாரோ அனுப்பினாங்கங்கறாங்க. அந்த யாரோகிட்ட கேட்டா, அவனுக்கும் யாரோ அனுப்பினதாம். இவ்வளவு பேரு சண்டை போடுறாங்களே, இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கல."

நூரிசா நடையை நிறுத்தினாள். இத்தனை நாளாக யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியவள் அவள். கேட்டுவிடக் கூடாதே என்று பயந்தவளும் அவள்தான்.

ஜய்னா பயத்தில் தன் போனிலிருந்து எல்லாவற்றையும் அழித்திருந்தாள். ஆனால் ஓஷ் நகரத்தில் இருக்கும் தங்கைக்கு முழுப்படத்தையும் அன்றே அனுப்பியிருந்தாள். ஒரு போன் போட்டதும் அது திரும்பி வந்தது. இருவரும் தானியக் கொட்டடியில் நின்று பார்த்தார்கள். தொடக்கத்தில் பெண்கள் சிரிக்கிறார்கள். நூரிசாவும் சிரிக்கிறாள். தலைமுடியை ஒதுக்குகிறாள். காதில் வெள்ளையாக ஒன்று தெரிகிறது.

"அடிப்பாவி! கல்யாணத்தன்னைக்குக் காதுல என்னத்தை மாட்டியிருந்த? நான் அவ்வளவு வாழ்த்து சொன்னேனே, ஒண்ணும் உன் காதுல விழலையா?"

"விழலை எஜே. மன்னிச்சுக்கோங்க."

"இதைக் காட்டினா என் கொழுந்தன் தப்பிச்சான்! எதுக்கு இத்தனை நாள் வாயைத் திறக்கல?" ஜய்னாவின் குரல் சட்டென்று இறங்கியது. "யாரு பேசினது? பழைய ஆளு எவனாவதா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் பாதிதான் கேலி. காதில் இருந்ததைக் காட்டிவிட்டு, குரல் யாருடையது என்று சொல்லாமல் இருந்தால், ஊரும் இணையமும் இதைத்தான் கேட்கும். மேதெரும் கேட்பான். காட்டாவிட்டால் அவன் வேலை போகும். காட்டிவிட்டுப் பாட்டைப் போட்டால் அத்தா போவார்.

வெள்ளிக்கிழமை மாவட்டக் கல்வி அலுவலகத்தின் சின்ன அறையில் மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் குழுத் தலைவர், கல்பாக் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட சாய்கல். இன்னொரு பக்கம் எழுதுகிற பெண். மேதெர் புதுச்சட்டை போட்டிருந்தான். வாசலில் மாமியாரும் ஜய்னாவும்.

தலைவர் ரொம்ப நல்ல மனநிலையில் இருந்தார். "வாம்மா, உட்காரு. பயப்படாத. எனக்கு எல்லாம் தெரியும். பொண்ணுன்னா முக்காடு போடும்போது அழத்தான் செய்வா. என் பொண்டாட்டி மூணு நாள் அழுதா. கடிச்சுக்கூட வச்சா." கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். "இன்னைக்கு அஞ்சு பிள்ளைங்க. இதுக்கெல்லாம் வாத்தியார் வேலையைப் பறிச்சா, நம்ம பழக்கவழக்கம் என்னாகும்? மூடிடலாம் இந்தக் கேஸை. என்ன சாய்கல்?"

"நான் மூட மாட்டேன்" என்றாள் சாய்கல்.

"உனக்கு அழுத பொண்ணெல்லாம் கடத்தின பொண்ணு."

"உங்களுக்குக் கடத்தின பொண்ணெல்லாம் கல்யாணப் பொண்ணு."

தலைவர் நூரிசாவின் பக்கம் திரும்பினார். "நீ ஒண்ணும் பேச வேண்டாம்மா. கையெழுத்து மட்டும் போடு. திங்கக்கிழமை உன் வீட்டுக்காரன் பள்ளிக்கூடம் போகட்டும்."

பேனா நீண்டது. வாசலிலிருந்து மாமியாரின் பெருமூச்சு கேட்டது. கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும். அத்தாவும் தப்பிப்பார். இயர்போனைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம். நூரிசா பேனாவை வாங்கினாள். தழும்புள்ள அந்தக் கை மேசைமேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"இல்ல பைகே" என்றாள், அண்ணனை அழைக்கும் மரியாதையோடு. "நீங்க சொல்ற காரணத்துக்காக மூட வேண்டாம்."

"என்னம்மா?"

"என்னைத் தூக்கிட்டு வந்திருந்தா அது தப்பு. அஞ்சு பிள்ளை பெத்தாலும் தப்புதான். பழக்கம்னு சொல்லி என் புருஷனை விட்டீங்கன்னா, அவர் செஞ்சாரு, மன்னிச்சுட்டோம்னு ஆயிடும். அவர் செய்யவே இல்ல." போனை எடுத்து மேசைமேல் வைத்தாள். "முழுசா பாருங்க. சத்தத்தோட."

பார்த்தார்கள். சிரிப்பு, பாத்திரச் சத்தம், ஜய்னாவின் நீண்ட வாழ்த்து. சாய்கல் ஓரிடத்தில் நிறுத்தி, படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு குனிந்தாள். மறுபடி ஓட்டினாள். மறுபடி நிறுத்தினாள்.

"இயர்போன். அது விழுந்துடக் கூடாதுன்னு தள்ளியிருக்கா."

"அப்படி என்ன கேட்டுக்கிட்டிருந்த?" என்றார் தலைவர். குரலில் பழைய கனிவு இல்லை.

"எனக்கு வந்த ஒரு குரல்."

"யாரோடது?"

"அது என்னோட விஷயம், பைகே. நான் எதையோ கேட்டுக்கிட்டிருந்தேங்கறது படத்துல இருக்கு. என்னை யாரும் பிடிச்சு வைக்கலங்கறதும் இருக்கு. அதுக்கு மேல இந்த அறைக்கு வேண்டியது இல்ல."

தலைவர் நாற்காலியில் சாய்ந்து மேதெரைப் பார்த்தார். உதட்டோரம் ஒரு இளக்காரம். "என்ன வாத்தியாரே? கல்யாணத்தன்னைக்கு உன் பொண்டாட்டி எவன் குரலையோ கேட்டு அழுதிருக்கா. உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றான் மேதெர்.

எழுதிக்கொண்டிருந்த பெண்ணும் நிமிர்ந்தாள். நூரிசா தரையைப் பார்த்தாள்.

"தெரிய வேண்டாமா?"

"வேணும்தான். ரொம்ப நாளா தூக்கமே இல்ல." மேதெர் எழுந்து நின்றான். வகுப்பில் நிற்பது போலவே நின்றான். "ஆனா அதை அவகிட்ட நான் கேட்டுக்கறேன். அதுக்கு இந்த அறை வேண்டாம். நீங்க கேக்க வேண்டியது, நான் அவளைத் தூக்கிட்டு வந்தேனா இல்லையாங்கறது. அதுக்குப் பதில் உங்க முன்னாடி ஓடுது."

பிறகு சாய்கல் எழுந்து, நூரிசாவை மட்டும் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போனாள். அங்கே அவள் கேட்டதெல்லாம் சின்னச் சின்னக் கேள்விகள். போன் உன்கிட்டதான் இருக்கா? கடைக்குத் தனியா போறியா? கதவை யாராவது வெளியே பூட்டுறாங்களா? ஒவ்வொரு பதிலுக்கும் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சரி. நீ விரும்பித்தான் வந்தேன்னு எழுதறேன்" என்றாள் கடைசியில். "முழுசா நிச்சயமான்னு கேட்டா, இல்லதான். எனக்கு எதுலயும் அப்படி வர்றதில்ல. நம்பர் வச்சுக்கோ."

"தேவைப்படாது எஜே."

"தேவைப்படலன்னா டீ குடிக்கக் கூப்பிடு."

திங்கட்கிழமை முதல் பள்ளிக்கு வரலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். செய்தித்தளம் தலைப்பை மாற்றாமல், செய்தியின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தது. அதை யார் படிக்கப்போகிறார்கள்? அவர்கள் படியிறங்கும்போதே ஜய்னாவின் போனுக்கு அதே படம் மறுபடி வந்தது. இப்போது அது பக்கத்து நாட்டில் நடந்ததாம்.

ஜய்னாவும் மாமியாரும் கடைவீதிக்குப் போய்விட்டு மினிபஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள். மாமியார் போகும்போது நூரிசாவின் கழுத்துத் துணியை இழுத்துவிட்டார். "காத்தடிக்குது பாரு" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.

காரில் இருவரும் பேசாமல் போனார்கள். மலைச்சரிவில் பனி கரைந்து சாலையெல்லாம் சேறு. மேதெர் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினான். ஒரு வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. காரை நிறுத்த வேண்டியதாயிற்று.

"நீ கேக்கலையே" என்றாள் நூரிசா.

"என்னத்தை?"

"நானே கேட்டுக்கறேன்னு அங்க வீராப்பா சொன்னியே."

"சொல்ல முடியாதுன்னு நீதான் சொன்ன. முடியும்போது சொல்லுவ."

"அதுவரைக்கும்? மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குமே?"

"ஓடுது. இப்பவும் ஓடுது." மேதெர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஆடுகளைப் பார்த்தான். "ஓடினா ஓடட்டும். யோசிச்சுக்கிட்டே வண்டி ஓட்ட முடியாதா என்ன?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. போனை எடுத்து அத்தாவை அழைத்தாள். பின்னணியில் கலவை இயந்திரம் உறுமியது. எசென் கத்திப் பேசினார். "கண்ணு! என்னாச்சு? மாப்பிள்ளைக்கு வேலை?"

"வேலை இருக்கு அத்தா. உங்க பாட்டை நான் யாருக்கும் போட்டுக் காட்டல."

"தேவைப்பட்டா போட்டிருக்கலாமே கண்ணு. நேத்துகூட நினைச்சேன், போட்டுடுன்னு சொல்லலாம்னு. போனைக் கையில எடுத்தேன், கை வரல." இருமினார். "அதுல நான் சொன்னது... அதையும் கேட்டதானே?"

"கேட்டேன் அத்தா."

மேதெர் சாலையையே பார்த்திருந்தான். ஆனால் அவன் கழுத்து நரம்பு துடித்ததை அவள் பார்த்தாள்.

"அத்தா, ஒருத்தருக்கு மட்டும் போட்டுக் காட்டட்டுமா? என் பக்கத்துலதான் இருக்காரு."

"மாப்பிள்ளைக்கா?" எசென் தயங்கினார். "முழுசாவா? உங்கம்மா விஷயம் வர்ற இடமுமா?"

"முழுசாத்தான். பாதி காட்டினா என்ன ஆகும்னுதான் பாத்தோமே."

"சிரிப்பானா?"

"தெரியல."

"என்னைக் கேவலமா நினைப்பானா?"

நூரிசா கணவனின் முகத்தைப் பார்த்தாள். "அதுவும் தெரியல அத்தா."

கடைசி ஆடும் சாலையைக் கடந்துவிட்டது. மேதெர் கியரைப் போடவில்லை.

"சரி, போடு" என்றார் எசென். "சத்தத்தை மட்டும் கொஞ்சம் கம்மியா வை."